ரப்பர் பாலில் செய்த கிழவர்கள்

கடந்த ஆண்டு கோலாலம்பூரில் நண்பர் ஒருவரின் குறும்படத்தைத் திரையிட்டோம். சின்ன அரங்கு, நாற்பது பேர் இருந்திருப்பார்கள். படம் முடிந்து கலந்துரையாடல் தொடங்கியதும் முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். "பாட்டியோட முகம் கொஞ்சம் செயற்கையா இருந்துச்சு. ஆனா அந்தக் கை மேக்கப் இருக்கே, அது பிரமாதம். யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முகம் நான் செய்தது. கை என் பாட்டியுடையது.

அன்றிலிருந்து இந்த விஷயம் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. சினிமாவில் இளையவர்களுக்கு முதுமை ஒட்டுகிறார்களே, அது என்ன வேலை? எங்கே அது உண்மையாகிறது, எங்கே பொய்யாகிறது? நான் பயிற்சி பெற்ற விமர்சகன் இல்லை. ஸ்கூடாய் யுடிஎம்-இல் வேதிப் பொறியியல் படித்துவிட்டு கிள்ளான் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஆறு வருடமாக வேலை செய்பவன். ஆனால் ரப்பர் பால் எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

*

படத்தில் முக்கியப் பாத்திரம் எழுபத்தைந்து வயதுத் தோட்டப் பாட்டி. நடிகைக்கு வயது இருபத்தாறு. "டேய், நீ லேட்டக்ஸ்லதானே வேலை செய்யுற? ஒரு கெழவி மூஞ்சி செஞ்சி குடு லா" என்று நண்பர் கேட்டபோது எனக்கும் ஆசை வந்துவிட்டது.

முறை ஒன்றும் மர்மமில்லை. பல் டாக்டர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் அல்ஜினேட்டை முகத்தில் பூசி அச்செடுக்க வேண்டும். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் நடிகையின் முகம் கிடைக்கும். அதன் மேல் களிமண்ணால் சுருக்கம், தொங்கும் தாடை, கண்ணுக்குக் கீழே பை எல்லாம் செதுக்க வேண்டும். அதற்கு மறு அச்செடுத்து, களிமண் இருந்த இடத்தில் ரப்பரோ சிலிக்கோனோ நிரப்பினால் ஒட்டுவதற்கான துண்டுகள் தயார். ஓரங்கள் காகிதத்தைவிட மெல்லியதாக இருந்தால்தான் தோலோடு கலக்கும்.

முதலில் சிலிக்கோனில் செய்து பார்த்தேன். ஒரு வாரச் சம்பளம் போனது. பிளாட்டினம் வகை சிலிக்கோன் இறுகவே இல்லை, பிசுபிசுவென்று கிடந்தது. இரண்டு முறை செய்த பிறகுதான் புத்தி வந்தது. கையில் போட்டிருந்தது எங்கள் தொழிற்சாலை ரப்பர் கையுறை. இயற்கை ரப்பரை இறுக்க நாங்கள் கந்தகம் சேர்க்கிறோம். அந்தக் கந்தகம் பட்டால் பிளாட்டினம் வேலை செய்யாது. அதனால்தான் இந்த ஒப்பனைக் கலைஞர்கள் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். ரப்பரைப் படித்தவன் நான், இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

பிறகு பழைய வழிக்கே போனேன், நுரை ரப்பர். ரப்பர் பாலில் நுரைக்கும் பொருளும் கந்தகக் கலவையும் சேர்த்து, கேக்குக்கு முட்டை அடிக்கிற மாதிரி மிக்சரில் அடித்து, கடைசியில் உறைய வைக்கும் பொருளைப் போட்டு அச்சில் ஊற்றி, அடுப்பில் மெதுவாகச் சுட வேண்டும். இது அடிப்படையில் மெத்தை செய்யும் நுட்பம். 1929இல் டன்லப் நிறுவனத்தில் கண்டுபிடித்தது. மெத்தைக்கு வந்தது பின்னாளில் ஹாலிவுட்டில் முகத்துக்குப் போனது. அதே டன்லப்புக்கு அப்போது மலாயாவில் பெரிய பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய என் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "நாங்க வெட்டுன பாலு மூஞ்சிக்கா போச்சு? டயருக்குன்னுல்ல சொன்னானுங்க" என்றார்.

*

நான் செய்த முகம் ஏன் செயற்கையாக இருந்தது என்று பிறகு யோசித்தேன். கைப்பழக்கம் போதாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது பெரிய கலைஞர்களுக்கும் உள்ளது.

முதுமை என்பது பெரும்பாலும் கழித்தல். முகத்தின் கொழுப்பு கரைகிறது, இறங்குகிறது. தாடை எலும்பு தேய்கிறது. பல் போகிறது. உதடு மெலிகிறது, முடி குறைகிறது. என் பாட்டி இரவில் பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டதும் முகத்தின் கீழ்ப்பாதி அப்படியே உள்ளே போய்விடும். கனத்த தோடு போட்டுப் போட்டுக் காதுத் துளை ஒரு விரற்கடை கோடாக இறங்கியிருக்கிறது. ஒட்டுத்துண்டு ஒப்பனையோ முழுக்க முழுக்கக் கூட்டல். முகத்தின் மேல் எதையாவது வைக்கத்தான் முடியும், எடுக்க முடியாது. கன்னத்தைக் குழிய வைக்க வேண்டுமென்றால் குழியைச் சுற்றி மேடு கட்ட வேண்டும். அப்படிக் கட்டக் கட்ட முகம் வீங்கிக்கொண்டே போகும். சினிமாக் கிழவர்கள் பலர் கொழுகொழு என்றிருப்பது இதனால்தான். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'ஜே. எட்கர்' (2011) படத்தில் டிகாப்ரியோவும் ஆர்மி ஹாமரும் கிழவர்களாக வரும் காட்சிகள் கேலிக்கு ஆளானதை நினைத்துப் பாருங்கள்.

இந்தத் துறையின் ஆசான் டிக் ஸ்மித். முகம் முழுவதற்கும் ஒரே முகமூடியாகச் செய்யாமல், நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு துண்டுகளாகச் செய்யும் முறையை நிலைநாட்டியவர். அப்படிச் செய்தால் நடிகரின் தசை அசையும்போது அந்தந்தத் துண்டு அதனதன் போக்கில் அசையும். 'லிட்டில் பிக் மேன்' (1970) படத்தில் முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய டஸ்டின் ஹாஃப்மனை 121 வயதுக் கிழவராக்கினார். 'அமேடியஸ்' (1984) படத்தின் கிழட்டு சாலியெரி அவருடைய கைவண்ணம், அதற்கு ஆஸ்காரும் பெற்றார்.

ஆனால் அவருடைய ஆகச் சிறந்த கிழவர் யாரும் கவனிக்காத கிழவர். 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தில் பேய் ஓட்ட வரும் பாதிரியார் மெர்ரின். நடித்த மேக்ஸ் ஃபான் சிடோவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயதுகூட நிறைந்திருக்காது. படம் பார்த்தவர்கள் அந்தச் சிறுமியின் பேய் முகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பாதிரியாரை உண்மையான கிழவர் என்றே நினைத்துக்கொண்டார்கள். ஃபான் சிடோ இயல்பிலேயே ஒல்லி முகம், உயர்ந்த கன்ன எலும்பு. கூட்டலுக்கு இடம் கொடுக்கும் முகம். அதோடு அவர் மாத்திரை எடுக்கும்போது கை நடுங்குவதும், படியேறும்போது மூச்சு வாங்குவதும் ரப்பர் செய்த வேலையில்லை.

ஒட்டுத்துண்டு முதுமையை மதிப்பிட எனக்குக் கிடைத்த முதல் அளவுகோல் இதுதான். ஒப்பனை முடிந்த இடத்தில் உடம்பு தொடர்கிறதா?

*

இந்த அளவுகோலோடு 'இந்தியன்' (1996) படத்துக்கு வருகிறேன். எங்கள் தலைமுறை மலேசியத் தமிழர்களுக்கு 'வயசான மேக்கப்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தாத்தாதான். சின்ன வயதில் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அவரும் கமல், மகனும் கமல் என்று அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை.

ஒப்பனை செய்தவர் மைக்கேல் வெஸ்ட்மோர். 'மாஸ்க்' (1985) படத்துக்காக ஆஸ்கார் வாங்கியவர், 'ஸ்டார் டிரெக்' தொடர்களின் வேற்றுக்கிரக முகங்களைச் செய்தவர். கமலுக்கு அப்போது 41 வயது. தமிழ் சினிமா அதுவரை டால்கம் பவுடரும் வெள்ளை விக்கும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்த ஒன்றை ஒரே தாவலில் வேறு இடத்துக்குக் கொண்டுபோன வேலை அது. அந்த ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கமலுக்குக் கிடைத்தது.

இப்போது மறுபடி பார்க்கும்போது இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, அந்த முகம் அதிகம் அசையவில்லை. ஆனால் அது படத்துக்குக் குறையாகவில்லை. சேனாபதி சிரிக்கிறவர் இல்லை, தீர்ப்புச் சொல்கிறவர். உறைந்த முகம் அவருக்குப் பொருந்துகிறது. கண் மட்டும் உயிரோடு இருக்கிறது. மகனைத் தண்டிக்கும் முடிவில் அசையாமல் நிற்கும்போது ரப்பரின் விறைப்பே பிடிவாதமாக மாறுகிறது. குறைபாட்டைப் பாத்திரத்தின் குணமாக்கியது கமலின் புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது விஷயம்தான் என்னை உறுத்துகிறது. சேனாபதிக்கு முதுமை இல்லை. முகத்தில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு விரலால் வர்மம் போட்டு ஆட்களை முடக்குகிறார், ஓடுகிறார், தாவுகிறார், கடைசி வெடிவிபத்தில் தப்புகிறார். முதுமையின் ஒரு வலியும், ஒரு மறதியும், ஒரு பயமும் அவருக்குக் கிடையாது. முதுமை அவருக்கு ஒரு தகுதிச் சான்றிதழ்: 'நான் சுதந்திரத்துக்குப் போராடியவன், உங்களைத் தண்டிக்க எனக்கு உரிமை உண்டு'. கிழவரின் முகத்தை வைத்து ஓர் இளைஞனின் கோபத்தைச் சட்டபூர்வமாக்கும் ஏற்பாடு என்று சொல்லலாம்.

இதைச் சொல்ல எனக்குக் குடும்பக் காரணமும் உண்டு. கதைப்படி சேனாபதி இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். என் பாட்டியின் மூத்த அண்ணன் அவர்களில் ஒருவர், அப்போது பதினெட்டு வயது. போர் முடிந்ததும் தோட்டத்துக்கே திரும்பி வந்தார். மறுபடி உளியை எடுத்துக்கொண்டு காலை இருட்டில் பெரட்டுக்குப் போய் நின்றார். 1996இல் அவருக்கு எழுபத்தொரு வயது. அப்பா வீடியோக் கடையிலிருந்து 'இந்தியன்' டேப் எடுத்து வந்து போட்டபோது கூடத்தில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தாராம். வர்மக் காட்சி வந்தபோது, "எங்களுக்கு லெஃப்ட் ரைட்டுதான் சொல்லிக் குடுத்தாங்க. இதெல்லாம் எந்த கேம்ப்புல சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியலயே" என்றாராம். அப்பா இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

சிரிப்புக்குப் பின்னால் யோசித்தால், அந்த அறையில் இரண்டு ஐ.என்.ஏ. கிழவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவர் திரையில். இன்னொருவர் முட்டிவலித் தைலம் தேய்த்துக்கொண்டு, ஓய்வூதியம் எதுவும் இல்லாமல், தங்கை வீட்டு நாற்காலியில். இரண்டாவது கிழவருக்குத் தமிழ் சினிமாவில் முகம் கிடையாது.

*

அதே 1996இல், ஆறு மாதம் கழித்து 'அவ்வை சண்முகி' வந்தது. அதே கமல், அதே வெஸ்ட்மோர். 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) படத்தின் தாக்கத்தில் எடுக்கப்பட்டது. கிரேசி மோகனின் வசனத்துக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கும் நகைச்சுவைப் படம். ஆனால் முதுமை ஒப்பனை என்ற விஷயத்தில் 'இந்தியன்' படத்தைவிட இதுதான் நேர்மையான படம் என்பது என் கருத்து.

காரணம் எளிது. இங்கே முகமூடி முகமூடி என்று நமக்குத் தெரியும். நாகேஷ் ஒப்பனைக் கலைஞராகவே வருகிறார். முகம் எப்படி உண்டாகிறது என்பது கதையின் பகுதி. எப்போது குட்டு வெளிப்படும் என்ற பயம்தான் நகைச்சுவையின் எஞ்சின். ஒப்பனையின் செயற்கைத்தன்மையைப் படம் மறைக்கவில்லை, அதை வைத்துத்தான் ஓடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சண்முகி மாமியைக் காதலிப்பவராக ஜெமினி கணேசன் வருகிறார். அவருக்கு அப்போது உண்மையிலேயே 75 வயது. ஒரே சட்டகத்தில் இயற்கையான கிழ முகமும் செய்த கிழ முகமும் பக்கத்தில் பக்கத்தில். ஜெமினியின் கழுத்துச் சதை, பேசி முடித்ததும் வாய் ஒரு கணம் தாமதமாக மூடுவது, எழும்போது நாற்காலியின் கைப்பிடியைத் தேடும் கை. எதையும் அவர் 'நடிக்க'வில்லை. மாமியின் முகமோ ஓர் அற்புதமான பொருள். அந்த முகத்தின் வேகமும் குறும்பும் ஒரு வாலிபனுடையது. உண்மைக் கிழவர் பொய்க் கிழவியிடம் ஏமாறுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர் பக்கத்தில் நிற்பதால்தான் மாமியின் ரப்பர் எங்கே முடிகிறது என்று நமக்குத் தெரிகிறது. ஓர் ஆய்வுக்கூடத்தில் மாதிரியும் ஒப்பீடும் வைப்பது போல.

'அவ்வை' என்ற பெயரையும் கவனிக்க வேண்டும். கமல் இளமையில் பயின்ற நாடகக் குழு டி.கே.எஸ். சகோதரர்களுடையது. மேடையில் ஒளவையாராக வேடமிட்டுப் புகழ்பெற்றதால் டி.கே. சண்முகத்துக்கு 'அவ்வை சண்முகம்' என்றே பெயர். ஒளவையைப் பற்றிய மரபுக் கதையோ கல்யாணத்திலிருந்து தப்பிக்க இளம்பெண் ஒருத்தி முதுமையை வரமாகக் கேட்டு வாங்கிக்கொண்ட கதை. பெண்ணுக்கு முதுமை ஒரு கவசம். தெருவில் நடக்கலாம், அரசனிடம் பேசலாம், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். சண்முகிக்கும் அது அனுமதிச் சீட்டுதான், மகள் இருக்கும் வீட்டுக்குள் நுழைய. சேனாபதிக்கும் அப்படியே. நம் கதைகளில் வேடமாக வரும் முதுமை எப்போதும் வேறு எதற்கோ வழி. முதுமையே விஷயமாக இருப்பது அபூர்வம்.

*

ரப்பரே இல்லாமல் வயதானவர்களையும் சொல்லாமல் இருக்க முடியாது. 'வியட்நாம் வீடு' (1970) படத்தில் பிரெஸ்டீஜ் பத்மநாபனாக வரும் சிவாஜிக்கு வயது 41. சேனாபதியாக நடித்தபோது கமலுக்கு இருந்த அதே வயது. நரைத்த தலையும் கண்ணாடியும் தவிர முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் வீட்டில் தன் இடம் எது என்று தெரியாமல் நிற்பதை அவர் செய்துகாட்டுகிறார். அது சில இடங்களில் மிகை என்று இன்றைய நண்பர்கள் சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்வேன். இருந்தாலும் அந்த மிகையிலும் வயதானதால் ஒரு மனிதன் எதை இழக்கிறான் என்ற கேள்வி இருக்கிறது.

'நாயகன்' (1987) இன்னும் நல்ல உதாரணம். முப்பத்திரண்டு வயதுக் கமல் வாலிபனிலிருந்து கிழவர் வரை போகிறார். முடி ஏறுகிறது, உடல் கனக்கிறது, நடை மெதுவாகிறது. முக்கியமானது வேறு. வேலு நாயக்கர் ஒவ்வொருவராக இழந்துகொண்டே போகிறார். மனைவி, மகன், கூட இருந்தவர்கள். கடைசியில் பேரன் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவரிடம் பதில் இல்லை. அங்கே முதுமை என்பது கழித்தல் என்று படத்தின் கதையே சொல்லிவிடுகிறது. முகத்தில் எதையும் ஒட்ட வேண்டிய தேவை வரவில்லை. ஒன்பது வருடம் கழித்து அதே நடிகர் உலகின் சிறந்த ஒட்டுத்துண்டுகளோடு வந்தபோது இந்தக் கழித்தல் காணாமல் போயிருந்தது.

எதிர்த்திசையில் ஒரு சோதனையும் நடந்துவிட்டது. மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'தி ஐரிஷ்மேன்' (2019) படத்தில் எழுபது வயதைத் தாண்டிய ராபர்ட் டி நீரோவின் முகத்தைக் கணினியில் இளமையாக்கினார்கள். மகளிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்ட மளிகைக்கடைக்காரரை அவர் தெருவில் போட்டு மிதிக்கும் காட்சி ஒன்று வரும். முகம் இளையது. மிதிக்கும் கால் கிழக்கால். இடுப்பு திரும்பவில்லை, கை சமநிலைக்குத் தவிக்கிறது. வயது மூட்டுகளில் இருக்கிறது, தோலில் இருப்பது அதன் விளம்பரப் பலகை மட்டும் என்று எனக்குப் புரிந்தது அந்தக் காட்சியில்தான்.

*

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. யாருக்கு முதுமை ஒட்டுகிறார்கள்?

'இந்தியன்' படத்தில் வயதான வேடம் போட்டவர் கமல் மட்டுமில்லை. சேனாபதியின் மனைவி அமிர்தவல்லியாக வந்தவர் சுகன்யா. அப்போது இருபதுகளில் இருந்தவர். அவருடைய வயதான முகத்தைப் பற்றி யாராவது எழுதி நான் படித்ததில்லை. கமல் கிழவரானால் சாதனை, சுகன்யா கிழவியானால் அது கதைக்கு வேண்டிய சாமான். கமலையாவது நட்சத்திரம் என்பதால் ஒட்டினார்கள். ஆனால் அமிர்தவல்லிக்கு ஏன் ஓர் அறுபது எழுபது வயது நடிகையைக் கூப்பிடவில்லை? இளமைக் காட்சிகளுக்காக என்பார்கள். படத்தில் இளமைக் காட்சி எவ்வளவு, முதுமைக் காட்சி எவ்வளவு என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

இதே கேள்வி 2019இல் இந்தியில் வெளிப்படையாக எழுந்தது. 'சாண்ட் கி ஆங்க்' படம் உத்தரப் பிரதேசத்தில் அறுபது வயதுக்கு மேல் துப்பாக்கி சுடப் பழகிப் பதக்கங்கள் வாங்கிய சந்திரோ தோமர், பிரகாஷி தோமர் இருவரின் கதை. அந்தப் பாட்டிகளாக நடித்தவர்கள் முப்பதை ஒட்டிய தாப்சி பன்னுவும் பூமி பெட்னேகரும். எங்கள் வயதுப் பாத்திரங்களையாவது எங்களுக்குக் கொடுங்களேன் என்ற பொருளில் மூத்த நடிகை நீனா குப்தா எழுதினார். இளவயதுக் காட்சிகளும் உண்டு, இரண்டு முன்னணி நடிகைகள் கிழவிகளாக நடிக்க முன்வந்ததே துணிச்சல்தான் என்று ஆதரவாகவும் பலர் பேசினார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அறுபதுக்கு மேல்தான் என் வாழ்க்கை தொடங்கியது என்று சொல்லும் இரண்டு பெண்களின் கதையில், அறுபதுக்கு மேற்பட்ட நடிகைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதைத் தாண்டிப் போக முடியவில்லை.

2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்தது. பாட்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். கமலுக்கு அப்போது 69 வயது. 1996இல் எந்த வயதைப் பல மணி நேரம் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டாரோ, ஏறக்குறைய அந்த வயதுக்கே நிஜமாக வந்துவிட்டார். இருந்தும் மறுபடி முகம் முழுக்க ஒட்டுத்துண்டு. ஏனென்றால் கணக்குப்படி சேனாபதி இப்போது நூறைத் தொட்டிருக்க வேண்டும். நூறு வயதுக் கிழவர் மறுபடி சண்டை போடுகிறார். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவரு மூஞ்சிய மறைச்சிட்டானுங்களே. இப்பதான் நல்லா வயசாகி அழகா இருக்காரு" என்றார். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் எனக்கு இந்த அளவுக்குச் சரியாகப் படவில்லை.

*

குறும்படத்துக்குத் திரும்புகிறேன்.

சுருக்கங்களைச் செதுக்க மாதிரி வேண்டும் என்று பாட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து அறுபது எழுபது படங்கள் எடுத்தேன். அப்போதுதான் அந்த முகத்தை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். சுருக்கங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இடது கண்ணோரம் அதிகம். வலது கன்னத்தில் ஒரு கோடு மட்டும் ஆழமாக இறங்குகிறது. நான் செதுக்கியதோ பொறியாளன் வேலை, இரண்டு பக்கமும் சமம். முகம் செயற்கையாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

படப்பிடிப்பு நாளில்தான் கை நினைவுக்கு வந்தது. முகத்துக்கு எழுபத்தைந்து வயது, கைக்கு இருபத்தாறு. பாட்டி உளி பிடிக்கும் நெருக்கக் காட்சி கதைக்கு முக்கியம். ஒரு நாளில் கைக்கு ஒப்பனை செய்ய வழியில்லை. "ஒங்க பாட்டியக் கூட்டிட்டு வாயேன், கை மட்டும் போதும்" என்றார் நண்பர். பாட்டி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். எந்தச் சேலை என்றாலும் கேமராவில் மணிக்கட்டு வரைதான் தெரியும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. உளியைக் கொடுத்ததும் விரல்கள் தானாகவே அதற்கான இடத்தில் போய் உட்கார்ந்தன. முப்பது வருடம் பழகிய பிடி அது. மரத்தில் கோடு போடும்போது மணிக்கட்டைத் திருப்பும் விதத்தை எந்த நடிகைக்கும் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது. இரண்டே டேக், முடிந்தது.

ஓரமாக நடிகை உட்கார்ந்திருந்தார். தாடை ஓரம் பசை விட்டுக்கொண்டிருந்தது, நான் பஞ்சால் ஒத்திக்கொண்டிருந்தேன். பாட்டி அதைப் பார்த்துக்கொண்டே வந்து கேட்டார்: "ஏன்டா, என் மூஞ்சியப் பாத்துதானே இத செஞ்ச? அப்ப என்னையே கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே? நான் என்ன வசனம் பேச மாட்டேனா?"

இரவுப் படப்பிடிப்பு, நீண்ட வசனம், உங்களால் நிற்க முடியாது என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் நண்பரோ நானோ அந்தக் கேள்வியை ஒருமுறைகூட எங்களுக்குள் கேட்டுக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. ஓய்வு நாற்காலி போட்டிருக்கலாம், வசனத்தைக் குறைத்திருக்கலாம், பகலில் எடுத்திருக்கலாம். சேனாபதியைப் பற்றியும் அமிர்தவல்லியைப் பற்றியும் மேலே இவ்வளவு எழுதிய நான், கையில் வாய்ப்பு கிடைத்தபோது செய்தது அதைத்தான். பாட்டியின் முகம் எனக்கு மாதிரியாகப் பயன்பட்டது. நடிக்கும் முகமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒட்டுத்துண்டு ஒப்பனை தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பது வருடக் கதையை ஒரே நடிகர் கொண்டுபோக வேண்டிய படங்கள் இருக்கும். சாலியெரியும் மெர்ரினும் அந்த உழைப்பின் உச்சங்கள். சண்முகி மாமி நம் மொழியின் உச்சம். ஆனால் இனி ஒரு படத்தில் ரப்பர் கிழவரைப் பார்த்தால் நான் மூன்று கேள்வி கேட்பேன். கழுத்துக்குக் கீழேயும் இவருக்கு வயதாகியிருக்கிறதா? கதையில் இவர் எதையாவது இழந்திருக்கிறாரா? இந்த வேடத்துக்கு உரிய வயதில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தாரா? முதல் இரண்டுக்கும் விடை திரையில் கிடைக்கும். மூன்றாவதற்குத் திரைக்கு வெளியே தேட வேண்டும்.

அன்று அரங்கில் கேட்டவருக்கு இயக்குநர்தான் பதில் சொன்னார். "அது மேக்கப் இல்லங்க, இவரோட பாட்டி." எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டி அங்கே இல்லை. படிக்கட்டு ஏற முடியாது என்று நாங்கள் அவரை அழைத்து வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, "மூஞ்சியப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். கொஞ்சம் செயற்கை என்று சொன்னார்கள் என்றேன். டம்ளரில் பல் செட்டைப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

நண்பர் அடுத்த கதை எழுதிக்கொண்டிருக்கிறார். அதிலும் ஒரு பாட்டி உண்டு. பகலில்தான் எடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.